கெத்தினுக்கு ஏறாத நெடி

6 ஏப்ரல் 2025, ஞாயிறு. பான், ஜெர்மனி

கெத்தின் இன்று கேத்திலை இரண்டு தரம் போட்டான். முதல் தரம் தண்ணீர் கொதித்தது கேட்கவே இல்லையாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவன் காதில் விழாதது என் பேச்சு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நேற்று அவன் பிறந்த வேல்ஸிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்களுடைய ரக்பி லீக் தேசிய அணியில் ஆள் குறைவாம். அக்டோபரில் ஒரே ஒரு ஆட்டம், வருவாயா என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்கு விளையாடி, கடைசியில் தோள் விட்டுப்போய், ஆட்டத்தை நிறுத்திவிட்டு இங்கே வந்து என்னோடு இருப்பவன். வயது முப்பத்தாறு. அந்தச் சிவப்புச் சட்டையை இன்னொருமுறை போடலாம் என்றால் ஆசை வராதா? மூளைக்கு ஒன்றுமில்லை என்று நரம்பியல் மருத்துவரின் சான்று வேண்டுமாம். "அது மட்டும்தான், தேனு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

அவன் போகக் கூடாது. இங்கே எழுதிவிட்டேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

அம்மா வந்தா. விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனா. "உந்த அடிபிடிக்கே திரும்பப் போகப்போறார்? எல்லாம் கண்ணூறு. கோயில்ல சனம் இவரைப் பாக்கிற பார்வை எனக்குத் தெரியும்."

கேத்தில் கதையை நான் சொல்லியிருக்கவே கூடாது. உடனே செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எல்லாம் வெளியே வந்தன. போனமுறை அடுப்படியில் சுட்டபோது புகைக் கருவி அலறி, மேல்வீட்டு ஜெர்மன்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடினாள். அதனால் இப்போது எங்கள் வீட்டுக் கண்ணூறு எல்லாம் பல்கனியில், இறைச்சி சுடும் கரியடுப்பில்தான் கழிகிறது.

கெத்தினை ஹோலில் இருத்தி, மிளகாயைத் தலையைச் சுற்றி, வெளியே கொண்டுபோய்க் கரியில் போட்டா. நெடி கதவால் உள்ளே வந்தது. எனக்குத் தும்மல். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மணக்குதோ தம்பி?" என்றா.

அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "இல்லை மாமி." இந்த அளவு தமிழ் அவனுக்கு வரும்.

அம்மாவுக்குப் பெரிய வெற்றி. "பாத்தியே! கண்ணூறு இருந்தா நெடி தெரியாது. எங்களுக்கெல்லாம் ஏறுது, அவருக்கு ஏறேல்ல. நல்லாப் பிடிச்சிருக்கு."

நான் அடுப்படிக்குப் போய்க் கோப்பித் தூள் டப்பாவைத் திறந்து அவன் மூக்கருகே பிடித்தேன். ஒன்றுமில்லை. கருவாட்டுப் பையையும் பிடித்தேன். சும்மா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எப்போதிருந்து? தெரியாதாம்.

14 ஏப்ரல்

புதுவருடம். பொங்கல் வாசமாக இருக்கிறது என்றான். பொய்.

29 ஏப்ரல், செவ்வாய்

நரம்பியல் மருத்துவரிடம் இன்று Termin, குறித்துத் தந்த நேரம். அவன் மூக்கு எத்தனையோ தரம் உடைந்த மூக்கு, மணம் போனது அதனாலும் இருக்கலாம் என்கிறார். கணினியில் நீண்ட சோதனை ஒன்று: சொற்களை நினைவில் வைப்பது, உருவங்களைப் பொருத்துவது, பொத்தானை விரைவாக அழுத்துவது. கெத்தினுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இங்கிலாந்துக் கழகத்தில் சேர்ந்த வருடம் இதே சோதனையைச் செய்திருக்கிறானாம். அந்த முடிவை எடுப்பித்து ஒப்பிட்டால் மூளை தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார்.

20 மே, செவ்வாய்

மருத்துவர் சிரித்துக்கொண்டே வரவேற்றார். அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இல்லையாம். இருபத்திரண்டு வயதில் எடுத்த புள்ளிதான் இப்போதும். சான்றும் தந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. நல்ல செய்திக்கா, அவன் போகப்போகிறான் என்பதற்கா, தெரியவில்லை. வழியில் கேக் வாங்கினேன். வீட்டுக்கு வந்தும் அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தான்.

பிறகு சொன்னான். ஆட்டப் பருவம் தொடங்குமுன் அந்தச் சோதனையை எல்லோருக்கும் வைப்பார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் திரும்ப வைத்து, முதல் புள்ளியோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால் ஆட்டம் இல்லை, அவன் இடம் வேறொருவனுக்கு. ஆகவே முதல் சோதனையில் நன்றாகச் செய்பவன் மடையன். வேண்டுமென்றே பிழை விடுவார்களாம், பொத்தானைப் பிந்தி அழுத்துவார்களாம். உடை மாற்றும் அறையில் யாருடைய புள்ளி ஆகக் குறைவு என்று பகிடியும் நடக்குமாம்.

"இந்தமுறை?" என்றேன்.

"இந்தமுறை உண்மையாகத்தான் செய்தேன், தேனு. என்னால் இயன்ற மட்டும்."

கேக்கை யாரும் வெட்டவில்லை.

21 மே

கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சாரதி அனுமதிப் பத்திரத்துக்காகக் கண் காட்ட வருகிறவர்கள் பலகையின் எழுத்தைப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். தெரியாததைத் தெரியும் என்பவர்களைத் தினம் பார்க்கிறேன். தெரிந்ததைத் தெரியாது என்றவனைத்தான் கட்டியிருக்கிறேன்.

அன்று ஒரு மந்தனாக நடித்துக் காட்டியிருக்கிறான். அந்த மந்தன் மெல்ல மெல்ல நடந்து இப்போது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கேத்திலை இரண்டாம் தரம் போடுகிறவன் அவன்தான். சில வேளை அறைக்குள் போய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறவனும் அவன்தான்.

ஐயோ, என்ர கெத்தின் எங்க? எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தவன்? அதை இனி ஆரிட்டக் கேக்கிறது?

24 மே

சான்று மேசையில் கிடக்கிறது. அனுப்பினால் போய்விடுவான். நானும் தொடவில்லை. அவனும் தொடவில்லை.

2 ஜூன், திங்கள்

அவனாகவே மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்து Termin வாங்கியிருக்கிறான். தன் ஜெர்மன் போதாது, நீ மொழிபெயர் என்றான். "நான் அன்று வேண்டுமென்றே பிழையாகச் செய்தேன்" என்பதை நான் என் வாயால், நான் நான் என்று, ஜெர்மனில் சொன்னேன். நான்தான் குற்றவாளி போல மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அப்போது எப்படி இருந்தார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கெத்தின் கையை விரித்தான். சான்றைத் திருப்பிக் கொடுத்தோம்.

வெளியே வந்து, "நான் நல்ல கெட்டிக்காரன் தேனு, உண்மையாக" என்றான். தெரியும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் இவனைச் சந்தித்ததே அந்தச் சோதனைக்குப்பின் தலையில் நூறு அடி வாங்கிய பிறகுதானே.

11 அக்டோபர், சனி

அவன் போகாத அந்த ஆட்டத்தை மடிக்கணினியில் பார்த்தோம். வேல்ஸ் கீதம் தொடங்கியதும் எழுந்து நின்று பாடினான். பாதியில் சொற்கள் வரவில்லை. மிச்சத்தை முனகி முடித்தான்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அம்மா வந்தா, மிளகாயோடுதான். மருத்துவர் சொன்னதெல்லாம் சொல்லியாயிற்று. தலையாட்டிக் கேட்டா. பிறகும், "ஒருக்காக் கழிச்சுப் பாப்பம் பிள்ளை" என்றா. நான் தடுக்கவில்லை.

கெத்தினைக் கதிரையில் இருத்திச் சுற்றினா. அவன் கண்ணை மூடி, நல்ல பிள்ளையாக இருந்தான். அம்மா சுற்றி முடித்து, வெளியே போகலாம் என்று பல்கனிக் கதவைத் திறந்தா. அவ்வளவுதான். அவன் குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக இருமினான். கண்ணைக் கசக்கினான். "மணக்குது மாமி! நல்லா மணக்குது!"

மிளகாய் அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தா. பொத்திய கையை மெல்லச் சேலைக்குள் மறைத்தா. மற்றக் கையால் அவன் தலையைத் தடவினா.

"போயிட்டுது தம்பி" என்றா. "எல்லாம் போயிட்டுது."