போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம்

கண்ணான என் அஞ்சலைக்கு,

இது நானே எழுதுகிற கடிதம். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. காலேஜ் பத்திரிகையில் போடுவதற்குக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் படிக்கட்டும், எனக்கு வெட்கம் இல்லை.

மிஷன் காலேஜ் விடுதியில் நீ துணி துவைத்துக்கொண்டிருந்தபோது இந்தச் சேதியைக் கொண்டுவந்தாய். வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் தமிழில் தனி வகுப்பாம். எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்க மாட்டார்கள், வயசு கேட்க மாட்டார்கள். "உங்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டிருக்காங்க, போங்க" என்றாய். இந்த வயசில் எதற்கு என்று நான் சிரித்தேன். "ரயில் ரோட்டுல நடந்து காலுதான் தேஞ்சு போச்சு. மூளை புதுசாத்தானே இருக்கு? எடுத்துப் புழங்குங்க!" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகுதான் வகுப்புக்குப் போனேன். உன் கண் முன்னாலேயே போயிருக்கக் கூடாதா?

எழுத்துக் கூட்ட ஒரு வருஷம் ஆனது. அடுத்த வருஷம் தனிப்பாடம் என்றார்கள். அவரவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, தானே பார்த்து, தானே நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் பாதிரியார் முன்னாலும் காலேஜை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை முன்னாலும் நிற்க வேண்டும். சரி என்று அவர்கள் சொன்னால் அந்த நோட்டைத் தைத்து, அட்டை போட்டு, காலேஜ் அலமாரியில் வைப்பார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே ஆசை. நான் எழுதிய உன் பெயர் அந்த அலமாரியில் இருக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது மழைத்தண்ணீர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் ரயில் பாதையில் தினமும் நான் நடந்து பார்க்கிற பங்கு மூன்று மைல். தண்டவாளத்துக்கு அடியில் எந்த மதகில் மழைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வடிகிறது என்று சுத்தியல் பிடியை உள்ளே விட்டு அளந்து எழுதினேன். என் பெஞ்சுக்காரர் தையல்கார சின்னையாவுக்கு ஒரே கேலி. "தண்டவாளத்துல எழுத என்னண்ணே இருக்கு? ரெண்டு கோடு கிழிச்சா முடிஞ்சது!"

போன சனிக்கிழமை என் முறை வந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. பாதிரியார்தான் வாசித்துச் சொன்னார். மூன்றாவது தாளிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பெரியவரே, இந்தப் பக்கம் காலை. திருப்பினா சாயங்காலம். மறுபடியும் காலை. ஏறுக்கு மாறா இருக்கே? முதல்லேருந்து ஒழுங்கா எழுதிக் கொண்டாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அஞ்சலை, அடுத்த வருஷம் என் கண் எப்படி இருக்குமோ?

"ஐயா, என் வேலையே அப்படித்தான்" என்றேன். "போகும்போது ஒரு தண்டவாளத்தை இறுக்குற ஆப்பையெல்லாம் தட்டிக்கிட்டே போவேன். திரும்பி வரும்போது மத்த தண்டவாளத்து ஆப்பைத் தட்டிக்கிட்டே வருவேன். நோட்டுலயும் அப்படித்தான் நடந்தேன். வலப்பக்கத் தாள் போகும்போது பாத்தது. கடைசித் தாள் வந்ததும் திரும்பிட்டேன். இடப்பக்கமெல்லாம் வரும்போது பாத்தது. நோட்டை நடுவுல விரிச்சுப் பாருங்க."

விரித்தார். வலப்பக்கம் மலாய்க்காரர் கம்பத்து மதகு, காலையில் பிடி முழுக்கத் தண்ணீர். இடப்பக்கம் அதே மதகு, சாயங்காலம் பாதிப் பிடி. இன்னொரு இடத்தில் விரித்தார். அங்கேயும் ஒரே மதகு, இரண்டு பக்கத்திலும். துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை எழுந்து வந்து, தானே ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்த்தார். "மாத்த வேணாம், இப்படியே இருக்கட்டும்னு துரை சொல்றார்" என்றார் பாதிரியார். பின்னால் எங்கள் பெஞ்சிலிருந்து சின்னையா கைதட்டினார்!

அப்புறம்தான் கடைசித் தாளுக்கு வந்தார்கள். "இங்கே அளவே இல்லையே? அஞ்சலைன்னு மட்டும் எழுதியிருக்கு?"

அது நான் திரும்புகிற மதகு. விடுதி வேலிக்குப் பின்னால், மத்தியானத்தில் நீ சோற்றுத் தூக்கோடு நிற்கிற இடம். நீ போனதிலிருந்து அங்கே நான் நின்றதில்லை. ஆப்பைத் தட்டுவேன், குனிந்து பார்க்காமல் திரும்பிவிடுவேன். "அங்கதான் என் சம்சாரம் நிப்பா, ஐயா" என்றேன்.

பாதிரியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்தே அந்த மதகு தெரிகிறது. "பேர் அப்படியே இருக்கட்டும்" என்றார். "கீழே தண்ணியையும் அளந்து எழுதிடுங்க. அந்த ஒரு மதகுதான் பாக்கி. எழுதினதும் அட்டை போட்டுடலாம்."

நேற்றும் மழை இல்லை, இன்றும் இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினவளே, அடுத்த மழைக்கு அங்கே வந்து நிற்பேன். கையோடு சோறு கொண்டுவந்து வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். குனிந்து அளப்பேன். எழுதியதை உனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
உன் வீட்டுக்காரன்
முத்துக்கருப்பன்