புளி போட்டு விளக்கிய இன்ஜின்

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உம்ம இன்ஜின் ஓடிவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். "இது இந்த ஜென்மத்துல நகராது மச்சான்" என்று நீர் கைவிரித்த அதே செங்கோட்டை இன்ஜின், நேற்று உம்ம வீட்டுப் பட்டாசலில், அந்தப் பெரிய கூடத்தில், புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு வட்டமடித்தது. ஓட்டியது யார் தெரியுமா? நான்தான். "உமக்கு அண்டாவுக்கும் இன்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாதுவே" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னீரே, அந்தப் பாத்திரக்கடைக்காரன்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீர் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டீர் என்கிற தைரியம். பாழாய்ப்போன தைரியம் அது. மறுத்துப் பேச ஆள் இல்லாமல் எனக்குப் பாதி நாள் வாயே திறக்கமாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தீராம். இப்படியா வே போவான் ஒரு மனுஷன்?

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை என் தங்கச்சி கோமதியின் புருஷன். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஊரில் மற்றவர்கள் சினிமா, சீட்டு என்று இருந்தபோது, இவருக்குப் பித்தளையில் செய்த சின்ன ரயில் இன்ஜின்கள்மேல் கிறுக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். ஒரு முழ நீளம் இருக்கும். பாய்லரில் தண்ணீர் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் நிஜ இன்ஜின் மாதிரியே ஆவியில் ஓடும். யாராவது வைத்திருந்து ஒதுக்கியதை வாங்கி, கழற்றி, சரிசெய்து ஓடவைப்பார். மதுரையில் பழைய சாமான் தெருவில் ஒன்று, ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியா போன ஒரு குடும்பத்திடம் ஒன்று, அப்புறம் இந்தச் செங்கோட்டைக்காரி.

செங்கோட்டை ஏலம் ஞாபகம் இருக்கிறதா? எஸ்டேட் பங்களாச் சாமான்கள். பூச்சாடிகளுக்கு நடுவில் பச்சை பெயின்ட் உரிந்து, ஒரு சக்கரம் கோணிக் கிடந்தது அது. வேண்டிய சாமானைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது உம்ம சட்டம். நீர் ஓடாத கடிகாரம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தீர். எனக்குக் கை சும்மா இருக்குமா? பித்தளையைக் கண்டால் தட்டிப் பார்க்கிற கை. விரல்முட்டியால் தட்டி, "அடேயப்பா, என்னா வார்ப்பு!" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஏலக்காரர் காது விடைத்தது. நீர் என் காலை மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்தது.

"வாயில பூட்டு போட்டுட்டு வாரும்னு சொன்னேன்லா? இப்பப் பாரும், வெலைய ஏத்திட்டான்" என்று ரயிலில் வரும்போதெல்லாம் வைதீர். ஆனால் இன்ஜினைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர். டிக்கெட் பார்க்க வந்தவர், "கைப்பிள்ளையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. விளக்கிவிட்டால் தங்கமாக இருக்கும் என்பேன் நான். "பழைய பெயின்டு போச்சுன்னா பொருளே போச்சு. இது என்ன குத்துவிளக்கா, வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்க்க?" என்பீர் நீர். பெயின்டில் ஒரு கீறல் படாமல் சக்கரத்தை நிமிர்த்தினீர். பிஸ்டனுக்கு எண்ணெயில் நனைத்த நூல் சுற்றினீர். வட்டமாகத் தண்டவாளம் போட என் கடையிலிருந்துதான் பித்தளைப் பட்டை வந்தது. எல்லாம் சரி, ஓடவில்லையே! ஆவி கூடும், இரண்டு சாண் நகரும், நின்றுவிடும். விளக்கு அணைந்துபோகும். காற்றுதான் காரணம் என்று ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்வீர். கோமதி அடுப்படியில் வியர்த்துக்கொண்டு கிடப்பாள்.

இதில் உம்ம பேச்சு வேறு. ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் செய்வீர். "இப்ப நூல் மாத்துதேன். இப்ப எண்ணெய் விடுதேன்." நீங்கள் இரண்டே பேர் இருந்த வீடு. தெருவில் போகிறவன் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைப்பான். "இன்ஜின் பதில் சொல்லுதா வே?" என்று நான் கேலி செய்வேன்.

உம்ம பதினாறாம் நாளுக்கு வீடு கழுவினார்கள். பெண்கள் வீட்டிலுள்ள பித்தளையையெல்லாம் முற்றத்தில் குவித்தார்கள். குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, தாம்பாளம். அந்தக் குவியலோடு செங்கோட்டை இன்ஜினும் போய்விட்டது. எங்க புளியங்குடிப் பெரியம்மையின் கைவரிசை. வெந்நீரில் ஊறப்போட்டு, புளியும் செங்கற்பொடியும் வைத்துத் தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்திருக்கிறாள். நான் போனபோது வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு நின்றது. பச்சை பெயின்ட் பொட்டுக்கூட இல்லை.

"யாரு இதைத் தொட்டது?" என்று கத்தினேன். நான் கத்தினேன், கேட்டீரா? காலமெல்லாம் விளக்கு விளக்கு என்று உம்மை நச்சரித்த நான்! பெரியம்மை ஒன்றும் புரியாமல், "ஏலே, பித்தளைன்னா விளக்கத்தானே செய்யணும்?" என்றாள். என் வாதத்தை எனக்கே திருப்பித் தந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் கோமதி கடைக்கு வந்தாள். கட்டைப்பையிலிருந்து இன்ஜினை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இதைப் பழைய பித்தளையோட போட்டுரு. உருக்குக்குப் போவட்டும்."

"ஏட்டி, அவரு உசிரா வச்சிருந்தது."

"உசிரா வச்சிருந்தாக, இல்லேங்கல. ஓடாத சாமானுக்கு எத்தன சாயங்காலம்! அதுல பாதி நேரம் என்கிட்ட உக்காந்து பேசியிருந்தா, நெனச்சுப் பாக்க எனக்கு நாலு பேச்சாவது மிஞ்சியிருக்கும்லா?"

அழவில்லை அவள். அதுதான் என்னை அறுத்தது. பழைய பித்தளையை உருக்கக் கொண்டுபோகிற லாரி மாதக் கடைசியில் வரும். "லாரி வாரதுக்குள்ள ஓட்டிக் காட்டுதேன். ஓடலேன்னா நானே ஏத்திவிடுதேன்" என்று சவால் விட்டுவிட்டேன். அவள் காலிப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கேளும், உம்ம தோல்வியை. அன்று கடை வாசல் வெளிச்சத்தில் இன்ஜினைத் திருப்பிப் பார்த்தேன். பாய்லரின் முன்விளிம்பில் முடிமாதிரி ஒரு விரிசல், அதற்குள் கருஞ்சிவப்பாக என்னமோ. ஊசியால் நோண்டினால் அரக்கு! எவனோ விரிசலை அரக்கால் அடைத்து, மேலே பச்சை பெயின்ட் அடித்து ஏலத்துக்கு விட்டிருக்கிறான். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒழுகாது. சூடேறினால் அரக்கு இளகி, ஆவி கசிந்து, கீழே விளக்கையும் அணைத்துவிடும். நீர் பாவம், பிஸ்டனையும் காற்றையும் வைதுகொண்டு, குற்றவாளிக்கு மேலே ஒரு கீறல் படாமல் காவல் காத்திருக்கிறீர். பெரியம்மையின் புளிதான் அவனைப் பிடித்துக் கொடுத்தது.

அதற்கப்புறம் என் தொழில். குத்துவிளக்கின் கழுத்து முறிந்தால் பற்றவைக்கிற கைதானே இது? அரக்கைச் சுரண்டி, வெண்காரம் வைத்து, பற்றுக்கு வெள்ளிப் பொடி போட்டு, ஊதுகுழலால் தீயை ஊதினேன். ஒரே ஊதல், வெள்ளி இழைந்து விரிசலில் உட்கார்ந்தது.

நேற்றுக் காலை உம்ம வீட்டுக்குப் போனேன். தண்டவாளத்தைப் பட்டாசலில் விரித்தேன். கோமதி அடுப்படியைவிட்டு வரவே இல்லை. நான் பாய்லரைத் திறந்து செம்பைச் சாய்த்தேன்.

"முழுக்க ஊத்தாத அண்ணே. முக்கால்தான். ஆவிக்கு எடம் வேணும்லா."

அடுப்படிச் சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல். எனக்குக் கை நின்றுவிட்டது.

"பச்சத் தண்ணியா ஊத்துத? வெந்நி போட்டு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ. பிஸ்டனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டியா? சக்கரத்தை மொதல்ல கையால ரெண்டு சுத்து சுத்திவிடு, அப்பத்தான் நூல் எளகும்."

உம்ம பேச்சு, மாப்பிள்ளை. உம்ம வார்த்தை, உம்ம வரிசை, ஒன்று பிசகவில்லை. சொன்னபடி செய்தேன். விளக்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்றது, ஒரு குலுக்கு குலுக்கியது, புறப்பட்டது. இரண்டு சாண் தாண்டியது. வட்டம் முடித்தது. மறுபடியும் போனது.

அவள் வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். "உனக்கு இதெல்லாம் எப்படிட்டி தெரியும்?" என்றேன்.

"அவுகதான் சத்தமாச் சொல்லிச் சொல்லிச் செய்வாகளே" என்றாள். இன்ஜின் அவள் காலடியில் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் அவளுக்கே அது விளங்கியிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "வீட்ல என்னை விட்டா வேற யாரு இருந்தா, அண்ணே?"

அதற்கப்புறம் அழுதாள். நானும் அழுதேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

லாரி நாளைக்கு வரும், வெறும் ஓட்டைக் குடங்களோடு போகும். தென்காசிப் பாசஞ்சருக்கு டீசல் வரப்போகிறதாம், வரட்டும், உம்ம வீட்டில் ஆவி இன்ஜின்தான். மற்ற இரண்டையும் பெரியம்மை கைக்கு எட்டாமல் பீரோவில் பூட்டிவிட்டேன். அந்த விஷயத்தில் மட்டும் உம்ம கட்சி ஜெயித்ததாக வைத்துக்கொள்ளும்.

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஓட்டுவேன், இது சத்தியம். தண்ணீர் ஊற்றும்போதும், எண்ணெய் விடும்போதும் உம்மைப் போலவே உரக்கச் சொல்லித்தான் செய்வேன், அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி. வேண்டுமென்றே ஒன்றிரண்டு தப்பாகவும் சொல்வேன். மறுத்துப் பேச அங்கே ஆள் இருக்கிறது.

பெண்ணைக் கொடுத்த பிறகும் சண்டையை விட்டுக்கொடுக்காத,
உம்ம மச்சான்,
கோமதியின் அண்ணன்.