அடுப்படிக் காட்சி பற்றி என் அபிப்பிராயம்

அலெக்சாந்திரியா,
வெள்ளிக்கிழமை

என் கண்ணான இனாஸுக்கு,

அல்லாவின் கருணையால் நான் நலம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. கண்ணாடிக் கடை ஓடுகிறது. பாரிஸ் குளிருக்கு அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை, அழகாயில்லை என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா?

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டேன். "மனசுல பட்டதை மறைக்காம எழுதுங்க" என்று கேட்டிருக்கிறாய். ஊரான் படத்தையெல்லாம் காபிக் கடையில் கிழித்துத் தோரணம் கட்டுகிறவன், பெண்டாட்டி படத்தை மட்டும் பூசி மெழுகினால் என்ன மரியாதை? ஆகவே கேள். அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் வேலை தருகிறார்கள், ஒப்புக்கொள்ளட்டுமா என்று கடைசியில் ஒரே வரியில் கேட்டிருந்தாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

ஈத் பண்டிகைக்கு வரும் அடிதடிப் படங்கள் எனக்குப் பிடிக்காது. நூறு பேர் சுட்டாலும் நாயகனுக்குத் தலைமுடிகூடக் கலையாது. ஆனாலும் அங்கே ஒருவனும் தூங்க மாட்டான். உங்கள் திரைப்பட விழாப் படங்களிலோ ஒரு கதவு திறப்பதற்குள் எனக்குத் தாடி வளர்ந்துவிடுகிறது. உன் படம் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. டிராமில் அந்தக் கிழவர் மீன் பொட்டலத்தை மடியில் வைத்துத் தூங்குகிறாரே, அடடா! உன்னைத் தவிர யார் அதை எடுத்திருப்பார்கள்?

காபிக் கடைச் சுவரில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுப்படிக் காட்சி வந்தது. அடுப்பு முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறான், வெகுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. முடிவெட்டும் ருஷ்தி எழுந்து போய்ப் படம் காட்டும் மெஷினைத் தட்டினார். "படம் நின்னுபோச்சுய்யா, வயரைப் பாருங்க" என்றார். "நிக்கலை. கலைப்படம் அப்படித்தான் இருக்கும், உட்காருமய்யா" என்றேன். கடையே சிரித்தது.

பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ "போயிட்டு வர்றேன்" என்கிறாய். திரையில் அந்த ஆள் பானையில் ஃபூல் பயற்றைக் கிண்டிக்கொண்டே நிற்கிறான். விதை கொறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ருஷ்தி சுவரைப் பார்த்துக் கத்தினார்: "அட மடையா, திரும்பிப் பாருடா! அவ போறாடா!"

மாதாமாதம் என் பின்மண்டை முடியை வெட்டுகிறவர் அவர். சுவரில் அந்தப் பின்மண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படம் முடிந்ததும் எனக்கு ஒரு தேநீர் சொன்னார்.

இனாஸ், நீ கிளம்பிய அன்று கேமராவைத் தப்பான இடத்தில் பிடித்துவிட்டாய். வாசலில் நின்று எடுத்தால் முதுகுதான் தெரியும். அடுப்புப் பக்கம் நின்றிருந்தால் அந்த ஆள் ஏன் திரும்பவில்லை என்று தெரிந்திருக்கும். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. அன்றைக்கு வெங்காயம்கூட நறுக்கவில்லை. பார்க்கிறவர்கள் அவனைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். நீயும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானமேறினாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலையை ஒப்புக்கொள்கிறாய் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை வந்து அந்தக் காட்சியைத் திரும்ப எடு. அடுப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. நடிகன் சம்பளம் கேட்க மாட்டான். கேமராவை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். இந்தத் தடவை நீ வாய் திறக்கும் முன்பே அவன் திரும்பிவிடுவான்.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஆண்டவன் காவலாக இருக்கட்டும்.

உன்
வக்தி