வாயை மூடத் தெரிந்த சலீமுக்கு

என் உயிர்ச் சிநேகிதன் சலீமுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிற ஒரே ஆள் செஞ்சியில் நானாகத்தான் இருப்பேன். ஒன்பதாவதோடு நின்றுபோன புத்தி, வேறெப்படி இருக்கும்?

என் சைக்கிள் கடை மாடியில் நீயும் நம் ஆரோக்கியமும் ஒரு கேமரா, ஒரு டேப் ரெக்கார்டரோடு ஆவணப்படக் கம்பெனி ஆரம்பித்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. "கோட்டையைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வரான்டா. கோட்டைக்குக் கீழ குந்தியிருக்கறவங்களை எவன் பிடிப்பான்?" என்பாய். எவ்வளவு அழகாகப் பேசுகிறான் பார் என்று அதற்கும் எரியும்.

பின்னணிக் குரல் கொடுக்க நானே வலிய வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ரேடியோ செய்தி மாதிரி தொண்டையைச் செருமிப் பேசியும் காட்டினேன்.

"நம்ம படத்துல அவங்கவங்க கதையை அவங்கவங்களே சொல்வாங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு நாம வாயை மூடிக்கணும். அது உன்னால ஆவாதுடா" என்றாய். ஒரு வாரம் உனக்கு டீ சொல்லவில்லை நான்.

வேர்க்கடலை உடைக்கிற பெண்களை வைத்து நீ பாதியில் விட்ட மல்லாட்டைப் படத்தை ஆரோக்கியம் ஒட்டி முடித்துவிட்டான். போன ஞாயிறு பொழுது சாய, மல்லாட்டை உடைக்கிற களத்திலேயே வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினான். அங்கே வேலை செய்கிற பெண்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்தார்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் களத்து வேலைக்குப் போகிற என் மகள் செல்வியும் வந்தாள். உன் குரல் கேட்டது.

"செல்வி, உனக்கு இன்னா ஆசைம்மா?"

அப்புறம் பேச்சே இல்லை. காக்கா கத்துகிறது, தொலி உடைகிறது. நானாக இருந்தால் அதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசியிருப்பேன். நீ காத்திருந்தாய்.

"நர்சுக்குப் படிக்கணும் மாமா. நைனாகிட்ட சொல்லப் போனா ஏதாச்சும் ஜோக் அடிப்பாரு. நானும் சிரிச்சிட்டு வந்துடுவேன்."

களமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன தெரியும் எனக்கு? ஆனால் சலீம், பெற்றவன் நானிருக்க, அதை உன்னிடமா சொல்ல வேண்டும்? பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாதவன் நீ!

மறுநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். உன் கேள்வியைத் திருடி அப்படியே கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னா நைனா, பல்லு வலியா?"

மூன்று ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த டியூபை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விழுப்புரத்துல ஃபாரம் தராங்களாம் நைனா. தனியா போக பயமா இருக்குது."

அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லவில்லை பார்த்தாயா! உன் படத்தில் அது கிடையாது. எனக்கு மட்டும்தான்.

வருகிற திங்களன்று, விடிகாலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம். விழுப்புரம் போய்ச் சேரும்வரை வாய் திறக்க மாட்டேன், இது உனக்குச் சத்தியம். அவள் பேசட்டும். திரும்பி வரும்போது மட்டும் ஒரே ஒரு ஜோக், பொறுத்துக்கொள்.

உன்மேல் எரிச்சல் இன்னும் அடங்காத,
செல்வியின் நைனா