நாற்பது மீட்டரில் நௌரின்

மஸ்கட்
8 ஜூன் 2025

அன்புள்ள ஜுமைலா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். அங்கே மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். மாடி அறையில் ஒழுகுகிறதா?

போனில் பேசினால் நம்மால் ஒழுங்காகப் பேசி முடிக்க முடியவில்லை. யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். இப்படி மெயிலில் எழுதிக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதே.

ஒரு காரியம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் ஹாம் ரேடியோ பதில் சொல்வதில்லை. இங்கிருந்து இன்டர்நெட் வழியாக நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போக முடிகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் இடையில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ரேடியோவின் பின்னால் சாம்பல் நிறக் கேபிள் ஒன்று, இரண்டு பக்கமும் திருகு வைத்தது, இருக்கும். அதைக் கழற்றி, முனையைத் துணியால் துடைத்து, திரும்ப மாட்டு. மழை ஈரத்தில் பச்சை பிடித்திருக்கலாம். பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடு. திரையில் கேபிளின் எண் காம் 3 என்று காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் எழுது, நான் இங்கிருந்து மாற்றிக்கொள்கிறேன். ரேடியோவின் வேகம் 9600 என்று இருக்கும், அதைத் தொடாதே. இரண்டு பக்கமும் ஒரே வேகம் இல்லாவிட்டால் ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது.

எல்லாம் சரியானதும் இடது பக்கக் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டிப் பார். காற்று மாதிரி இரைச்சல் கேட்டால் போதும்.

இங்கே கம்பெனி குவார்ட்டர்ஸில் ஆன்டெனாவுக்கு ஒரு கம்பி கட்டக்கூட விடமாட்டார்கள். அந்த ரேடியோவில் இங்கிருந்து நாலு பேரோடு பேசாவிட்டால் எனக்கு நாள் ஓடாது. தூக்க மாத்திரையை விடாமல் சாப்பிடு.

துஆவுடன்,
ஷமீல்

◆

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
11 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்னபடியே செய்தேன். பச்சை பிடித்துத்தான் இருந்தது. எலுமிச்சை வைத்துத் தேய்க்கலாமா என்று பார்த்தேன், பயந்து துணியோடு நிறுத்திக்கொண்டேன். முதலில் காம் 5 என்றது. கழற்றி வேறு ஓட்டையில் மாட்டியதும் காம் 3 வந்துவிட்டது. மறுநாள் காலையில் ரேடியோவின் முகம் தானாக வெளிச்சமானதைப் பார்த்து, வந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது, சொல்கிறேன். நான் அறையைக் கூட்டிக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத மேசையில் எண்கள் ஓட ஆரம்பிக்கும். ஏழாயிரத்து நூறு, நூற்றைந்து, நூற்றிருபது. எங்கேயோ போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும். நீங்கள் பேசுகிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் உங்கள் குரல் இந்த வீட்டுக்குள் கேட்காது. கம்பி வழியாகப் போய் வானத்தில் ஏறிவிடும். விளக்கு அணைந்ததும் எதிரில் இருப்பவர் பேசுவது மட்டும் கேட்கும்.

சத்தத்தை நான் குறைக்கவில்லை. வீட்டில் ஒரு மனிதக்குரல் இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் தமிழ்க்காரர்கள் கூடுகிறார்களே, அதில் தூத்துக்குடி இசக்கிமுத்து அண்ணாச்சி பேசுவது நன்றாக இருக்கிறது. வலை, மீன் விலை, அவர் வீட்டம்மா பொன்மணியின் முட்டுவலி, எல்லாம் சொல்கிறார்.

மாடியில் ஒழுகத்தான் செய்கிறது. அடுத்த வீட்டுக் கமலாக்ஷி சேச்சி நேற்றுக் கப்பையும் மத்திக் கறியும் கொண்டுவந்தார். நான் சாப்பிடும்வரை எழுந்து போகவில்லை.

அடுத்த மாதம் நம் நௌரின் இறந்த ஆண்டு நாள். உங்கள் வீட்டார் பிறைக் கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஜூலை மழைதான் கணக்கு. போன வருஷமும் நீங்கள் வரவில்லை. கபருஸ்தானுக்குள் போகப் பெண்ணான எனக்கு வழியில்லை. அத்தா என்று நீங்கள் ஒருவர் வந்து அவள் தலைமாட்டில் நின்று ஓதினால் என் மனசு கொஞ்சம் அடங்கும். வாருங்கள் மச்சான். இந்த ஒருமுறை.

உங்கள்,
ஜுமைலா

◆

மஸ்கட்
15 ஜூன் 2025

அன்புள்ள ஜுமைலா,

ரேடியோ நன்றாக வேலை செய்கிறது. நீ இல்லாவிட்டால் முடிந்திருக்காது.

லீவ் கேட்டேன். துறைமுகத்தில் இரண்டு கிரேன் பழுது, எலக்ட்ரானிக்ஸ் பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவர் போய் ஓதுவார்.

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடு. காலையிலேயே இரைச்சல் கேட்டால் உனக்குத் தலை வலிக்கும். பேசுவதெல்லாம் ஒன்றுமில்லாத பேச்சு.

துஆவுடன்,
ஷமீல்

◆

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
13 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஆண்டு முடிந்தது. உங்கள் அண்ணன் போய் ஓதிவிட்டு வந்து, கேட்டில் நின்றபடியே ‘எல்லாம் ஆச்சு’ என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். நெய்ச்சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். கமலாக்ஷி சேச்சி பாத்திரம் கழுவித் தந்தார்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஆண்டுக்கு முந்திய வாரம், அடுப்பில் பால் இருந்தது. இசக்கிமுத்து அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார். ‘அப்படியா தம்பி! பிள்ள ரெண்டாங்கிளாசுக்குப் போயாச்சா! நேத்துத்தான் உங்க மடியில உக்காந்து மைக்கைப் பிடிச்சு எனக்கு ஸலாம் சொன்ன மாதிரி இருக்கு. ஓவர்.’

வேறு யாருடைய பிள்ளையையோ சொல்கிறார் என்று நினைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வெகுநேரம் எரிந்தது. அணைந்ததும் அவர் சிரித்தார். ‘முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டா? அப்ப நௌரின்னு பேரச் சொல்லவே காத்துல்ல வரும்!’

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. 

மச்சான், அவளுக்கு ஒரு பல்லும் விழவில்லை. கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான். பச்சரிசி மாதிரி எல்லாப் பல்லும் இருந்தது.

உங்கள் மேல் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. மறுநாள் ஏழு மணிக்கு முன்பே வேலையை முடித்து, நாற்காலியை இழுத்துப்போட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன், இன்று அவள் என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவ் விட்டார்கள் போல. ‘லீவுன்னா குஷிதான, வீட்டம்மாவை ஒரு வேல செய்ய விட்டிருக்க மாட்டா’ என்றார் அவர். ஆமாம் என்று நான் இங்கே தலையை ஆட்டினேன். அதற்கு அடுத்த நாளும் உட்கார்ந்தேன். ஆண்டு அன்று காலையிலும் உட்கார்ந்தேன்.

எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறீர்கள்?

ஜுமைலா

◆

மஸ்கட்
20 ஜூலை 2025

ஜுமைலா,

சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

நான் இங்கே வந்த புதிதில் அண்ணாச்சி கேட்டார், பாப்பா சத்தத்தையே காணோமே, சுகமா என்று. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘சுகம்’ என்றுதான் வந்தது. ஒருமுறை சொன்ன பிறகு மறுநாளும் கேட்டார். நல்ல மனிதர், மறக்காமல் கேட்பார். யூனிஃபார்ம் வாங்கியாச்சா, காய்ச்சல் இல்லையே, கணக்குப் போடுகிறாளா. நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். மனசு பிசகியவன் என்று நினைக்காதே. ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. தினமும் காலையில் அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி இரவு நீ தொழுதுகொண்டிருந்தாய். அவள் கை என் கைக்குள் இருந்தது. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லவும் போவதில்லை. எனக்கு இந்தப் பேச்சு மட்டும் இருக்கட்டும். யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை. உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷமீல்

◆

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று காலையில் நடந்ததில் உங்களுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கெஞ்சிக் கேட்ட பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று அண்ணாச்சி சொன்னார், பொன்மணியின் முட்டுக்கு எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க வருகிறார்களாம். ‘ஒரு எட்டு மட்டாஞ்சேரிக்கும் வந்துட்டுப் போறோம் தம்பி. நீங்க இல்லாட்டி என்ன, தங்கச்சி இருக்காங்கள்ல. பிள்ளையக் கண்ணால பாக்கணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கா. என்ன வாங்கியாரட்டும், சொல்லுங்க. ஓவர்.’

சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். வீட்டில் ஆள் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது.

‘கலர் பென்சிலா? படம் வரைவாளா! சரி சரி. தங்கச்சிகிட்டச் சொல்லி வைங்க, வாற சனிக்கிழமை.’

மச்சான், அவர்கள் கலர் பென்சிலோடு வந்து கதவைத் தட்டினால் திறக்க வேண்டியவள் நான். எங்கே பிள்ளை என்று பொன்மணி கேட்டால் யாரைக் கூப்பிடுவேன்?

மைக் அதன் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் நௌரினுக்குக் காட்டித்தந்த மாதிரியே பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். லைசன்ஸ் இல்லாதவள் பேசக்கூடாது என்று தெரியும். ‘அண்ணாச்சி, நான் ஷமீல் வீட்டில் பேசுறேன். நௌரின் இப்ப இல்ல. டெங்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவருக்குச் சொல்ல முடியல. அவர் மேல வருத்தப்படாதீங்க’ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். விளக்கு எரியும்போது ரேடியோவில் எதுவும் கேட்காதே, நான் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்காது. அதனால் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன்.

என்னைத் திட்டுங்கள். போன் செய்தே திட்டுங்கள். நான் வைக்க மாட்டேன்.

உங்கள்,
ஜுமைலா

◆

மஸ்கட்
17 ஆகஸ்ட் 2025

ஜுமைலா,

திட்ட ஒன்றுமில்லை.

என் கை மவுஸில்கூட இல்லை. சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். திரையில் சிவப்பு வந்தது. கேபிளில்தான் ஏதோ கோளாறு, ரேடியோ தானாக ஒலிபரப்பில் ஏறிவிட்டது என்று நினைத்து அதை இறக்கப் போனேன். அதற்குள் அணைந்தது.  அத்தனை பேர் இருந்தும் இரைச்சல் மட்டும். கடைசியில் அண்ணாச்சி, ‘ஷமீல் தம்பி, லைன்ல இருக்கீங்களா? தம்பி, இருக்கீங்களா?’ என்று கேட்டார். அந்தக் குரலிலேயே நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரேடியோவை இங்கிருந்தே அணைத்துவிட்டேன். இனி அங்கே போக மாட்டேன்.

தேவராவில் வெங்கிட்டு என்று என் கூட்டுக்காரன், அவனும் ரேடியோ லைசன்ஸ் உள்ளவன், வருவான். செட்டையும் கம்ப்யூட்டரையும் அவனிடம் கொடுத்துவிடு. ஆன்டெனாவையும் அவனே இறக்கிக்கொள்வான்.

நான் வரமாட்டேன் ஜுமைலா. கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. அந்த வீட்டில் அவள் மவுத்து மட்டும்தான் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் தெரிகிறது. உனக்கும் என் முகம் அப்படித்தான் இருக்கும். நீ இப்படியே காத்திருப்பது பாவம். தலாக்குக்கு ஜமாஅத்தில் பேச வேண்டியதை அண்ணன் பேசுவார். நீ என்ன கேட்டாலும் எனக்குச் சம்மதம்.

ஷமீல்

◆

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
7 செப்டம்பர் 2025

மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய நாள் எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் அண்ணன் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகிகள் இரண்டு பேரும் வந்தார்கள். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். திருப்பூணித்துறையில் அக்கா ஷபானா வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறது. மாத முடிவில் போகிறேன். சாவியைக் கமலாக்ஷி சேச்சியிடம் கொடுத்துவைப்பேன்.

இசக்கிமுத்து அண்ணாச்சியும் பொன்மணி அக்காவும் வந்தார்கள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அக்கா படியேற முடியாமல் சுவரைப் பிடித்து ஏறி வந்து, என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கேட்டார், ‘காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுதும்மா?’

மச்சான், இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் பொறுமை, பொறுமை என்றார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனீர்கள். நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். சாயா ஆறிப்போனது. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது கபருஸ்தானைக் காட்டச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

‘தம்பி மேல நாங்க யாரும் வருத்தப்படலன்னு சொல்லுங்க. காலைல வந்தா போதும், ஒண்ணும் கேக்க மாட்டோம்’ என்றார். சொல்லிவிட்டேன்.

வெங்கிட்டு நேற்று வந்து எல்லாவற்றையும் எடுத்துப்போனார். மேசை மட்டும் இருக்கிறது. இன்று காலை ஏழு மணிக்கு என்னை அறியாமல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னதில் எனக்கு இன்னும் வருத்தமில்லை. ஆனால் ஒன்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உங்களிடம் அவள் பள்ளிக்கூடம் போனாள், பல் விழுந்தது, படம் வரைந்தாள். என்னிடம் அவள் அஞ்சு வயசிலேயே இருக்கிறாள். அவளை வளர்த்துக்கொண்டிருந்தது நீங்கள் ஒருவர்தான். அதையும் நான் நிறுத்திவிட்டேன்.

ஜமாஅத் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதுவது முறையில்லை. அதற்குள் ஒரேயொரு கடிதம் எழுதுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்த இரண்டு வருஷமும் நீங்கள் அண்ணாச்சியிடம் சொன்னதையெல்லாம் எழுதுங்கள். டீச்சர் பேர் என்ன, யாரோடு சண்டை போட்டாள், என்ன படம் வரைந்தாள், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா. எனக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது.

அதை மட்டும் தாளில் எழுதித் தபாலில் அனுப்புங்கள், இம்மாதம் முப்பதாம் தேதிவரை இந்த முகவரியில் இருப்பேன்.

ஜுமைலா