கை திறக்கும் நேரம்

பிப்ரவரி 9

இன்றைக்கும் கை விடவில்லை. பல் டாக்டர் நோயாளியின் வாய்க்குள் பார்த்தபடியே கையை நீட்டினார். கொக்கியைக் கொடுத்தேன். அவர் இழுக்கிறார், என் விரல்கள் விட மறுக்கின்றன. நடுவில் ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"பிடிச்சா விடமாட்டீங்க போலிருக்கே" என்றார் பல் டாக்டர். சிரித்தேன். முகக்கவசம் இருந்தது நல்லதாயிற்று. என் சிரிப்பு முகம்வரை வந்து சேர்வதில்லை.

முதல் நோயாளி வருவதற்கு முன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மூடி, திறந்து, மூடி, திறந்து – விரல்கள் இளகும்வரை செய்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்புறம் கொஞ்ச நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்று பஸ் தாமதம், அதற்கு நேரமில்லை. இத்தனை வருடத்தில் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. கை விடாதவளைப் பல் ஆஸ்பத்திரியில் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

பிப்ரவரி 12

மாமா செய்தி அனுப்பியிருக்கிறார். "உங்க நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு!" அவசரமாகத் திறந்து படித்தேன். எலிக்குக் குணமாகியிருக்கிறதாம். எலிக்கு என் வாழ்த்துகள்.

பிப்ரவரி 20

தம்பி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டான். "அப்படியே அப்பா" என்றாள் அம்மா.

அப்பாவை வேலை நேரத்தில் தூங்குகிறார் என்றுதான் வேலையை விட்டு அனுப்பினார்கள். சோம்பேறி என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மாவும் சொன்னாள். கடைசியில் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோனது. நோய்க்குப் பெயர் உண்டு என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. எனக்கு முப்பது வயது தாண்டியதும் கண்புரை வந்தது. "இந்த வயசுலயா?" என்று சந்தேகப்பட்ட கண் டாக்டர்தான் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி. வாயில் நுழையாத பெயர், உடம்பில் மட்டும் நன்றாக நுழைந்துகொண்டது. பிடித்தால் தசை இறுகிக்கொள்ளும், பிறகு மெலியும். கண், இதயம், விழுங்குவது, விழித்திருப்பது – எதையும் விட்டுவைக்காது. மருந்து கிடையாது. அப்பா சொத்து என்று எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. இதை மட்டும் எனக்கும் தம்பிக்கும் பாரபட்சமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் தெரிந்த பிறகும் தம்பியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. எனக்கும்தான் தூக்கம் அழுத்துகிறது. நான் எழுந்து போகவில்லையா?

மார்ச் 4

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். எலிக்கு அல்ல, மனிதர்களுக்கு! சில இடங்கள்தான் இருக்கின்றன. நானும் தம்பியும் தேர்வுப் பரிசோதனைக்கு வர வேண்டும்.

எனக்கு வேண்டும். இவ்வளவு பச்சையாக எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. யாரைத் தள்ளிவிட்டாவது வேண்டும்.

மார்ச் 11

போய் வந்தோம். நடக்கச் சொன்னார்கள், ஊதச் சொன்னார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டினார்கள். கடைசியாகக் கேமராவுக்கு முன்னால் கை. இறுக மூடி, அவர்கள் சொன்னதும் சட்டென்று திறக்க வேண்டும்.

தம்பியின் கை நண்டு மாதிரி மடங்கியபடியே கிடந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது. எனக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன் கொட்டாவி விட்டான்.

என் கை அழகாகத் திறந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு. கடவுளே.

மார்ச் 18

தம்பியை எடுத்துக்கொண்டார்கள். என்னை எடுக்கவில்லை.

ஆய்வு டாக்டர் தன்மையான பெண்மணி. தன்மையாகவே சொன்னார். "உங்க கை சீக்கிரமே திறந்துடுது. இந்த ஆய்வுக்கு இன்னும் அதிகமா இறுகுற கை வேணும். ஒரு வகையில இது உங்களுக்கு நல்ல செய்திதான்."

நல்ல செய்தியாம்! காலையில் பல் விளக்கும் பிரஷ்ஷை விட முடியாமல் அதோடு நின்று அழுதவளிடம் வந்து சொல்லுங்கள் நல்ல செய்தியை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கினான். தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். மடியிலிருந்த கைப்பைக்குள் என் கை அதுபாட்டுக்கு மூடித் திறந்துகொண்டிருந்தது. மூடி, திறந்து, மூடி, திறந்து. அப்போதுதான் உறைத்தது. பரிசோதனை அன்றைக்கும் இதைத்தானே செய்தேன்? கூப்பிடும்வரை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிற மாதிரி, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்கிற மாதிரி!

ஐயோ மூதேவி. நோயைக் காட்டப் போன இடத்தில் நோயை மறைச்சுட்டு வந்திருக்கியேடி.

மார்ச் 19

ஆய்வு டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுபடியும் பாருங்கள், இந்த முறை கையை அசைக்கவே மாட்டேன் என்று கெஞ்சினேன்.

"புரியுதும்மா. ஆனா அந்தப் பரிசோதனை ஒரு தடவைதான். கை எப்படி இருந்தா இடம் கிடைக்கும்னு தெரிஞ்ச பிறகு பண்ணினா அது செல்லாது."

நான் நடிப்பேன் என்கிறார். வாழ்க்கை முழுக்க நடித்தேன், சரியாக இருக்கிற மாதிரி. அதை மட்டும் உடனே நம்பிவிட்டார்கள்.

மார்ச் 23

தம்பியிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "தூங்கித் தூங்கியே இடம் பிடிச்சுட்ட. ஒரு நாளாவது உழைச்சிருக்கியா நீ?"

அவன் கோபப்படவில்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த முகத்தில் தசை இல்லை. "என் இடத்தை உனக்குக் குடுக்க முடியுமான்னு அன்னிக்கே கேட்டேன்க்கா. முடியாதாம்" என்றான்.

அதற்கும் கோபம் வந்தது. இவனை யார் நல்லவனாக இருக்கச் சொன்னது?

ஏப்ரல் 6

காலையில் கையைப் பழக்காமல் வேலைக்குப் போனேன். வேண்டுமென்றே. எதற்காக என்று கேட்டால் தெரியாது. யாருக்காக இந்தக் கூத்து, போதும்.

வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி கையிலேயே ஒட்டிக்கொண்டது. பல் டாக்டர் இழுத்தார். "இழுக்காதீங்க சார்! எனக்கு ஒரு நோய் இருக்கு. அதுவா விடும், நில்லுங்க" என்று கத்தியேவிட்டேன். உறிஞ்சு குழாய் மட்டும் சளசளவென்று சத்தம் போட்டது.

நோயாளி போன பிறகு கூப்பிட்டார். போச்சு வேலை என்று நின்றேன். "முதல்லயே சொல்லியிருந்தா தட்டுல வெச்சுடுங்கன்னு சொல்லியிருப்பேன்ல. நானே எடுத்துக்குவேன். இதுக்குப் போய் ஏம்மா..." அவ்வளவுதான். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு தட்டு! இத்தனை வருடமாக நான் பயந்து செத்ததற்குப் பதில் ஒரு தட்டாம். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றியால் இல்லை. ஆத்திரத்தால்.

மே 2

தம்பிக்கு முதல் ஊசி. துணைக்கு ஆள் வேண்டும், தனியாக விட்டால் ஸ்டாப்பிங் தாண்டித் தூங்கிவிடுவான். துணை யார்? நான்தான். விருந்துக்குக் கூப்பிடாத வீட்டில் வாசலில் நின்று செருப்புக்குக் காவல்.

மருந்தா, வெறும் உப்பு நீரா என்று அவனுக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. உப்பு நீராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதிவிட்டேன். அடித்து அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

ஜூன் 27

மாமாவின் செய்தி. இந்த முறை மீன்.

ஆகஸ்ட் 15

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். கை உடனே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மாவும் பார்த்தாள். அவனை இன்னொரு முறை எடுக்கச் சொன்னோம். எடுத்தான், வைத்தான், இந்த முறை ஒட்டிக்கொண்டது.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?" என்றான். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 10

தம்பியை ஊசிக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருவர் ஆய்விலிருந்து விலகிவிட்டதால் புதிதாக ஆட்களைப் பார்க்கிறார்களாம். போன வாரமே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமுறை தள்ளப்பட்டவர்கள் தள்ளப்பட்டவர்கள்தான்.

எதிரில் ஒரு பெண், என் வயது இருக்கும். அதே தொங்கும் இமை, அதே நீள முகம், அக்கா தங்கை என்று சொல்லலாம். மடியில் கைப்பை, வலது கை பைக்குள். பை மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. மூடி, திறந்து, மூடி, திறந்து.

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் எதற்கு? யார் எனக்குச் சொன்னார்கள்? நல்ல துணி உடுத்தி, தலை வாரி, பார்க்கிறவர்கள் ஒரு குறை சொல்லிவிடக் கூடாதென்று வந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

எழுந்து போய் அவள் கையைப் பைக்குள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "பண்ணாதீங்க. அது இறுகிக் கிடக்கட்டும். இங்க அதைத்தான் பாக்குறாங்க."

மிரண்டுபோய் அவளும் என் கையை இறுகப் பற்றிவிட்டாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். கையை எடுக்கப் போனோம். வரவில்லை.

நர்ஸ் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அவங்களைக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க. பழக்கின கை ஆறி பழையபடி இறுகட்டும்" என்றேன். "இப்ப எங்க ரெண்டு பேருக்குமே கை விடல." சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய விரல்கள் முதலில் விட்டன. என்னுடையவை விட இன்னும் நேரம் பிடித்தது. அவள் கையை உருவிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள்.