வெடித்த பலகாரம்

அக்கா,

நோர்பரிக் கலியாண வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். என் பெறாமகளுக்கு, உடன்பிறந்தவளின் பிள்ளைக்கு, அடுத்த கிழமை கலியாணம்; இன்று எல்லோரும் கூடிப் பலகாரம் சுடும் பலகாரச்சூடு. கோட்டைக் கழற்றியதும் எண்ணெய் மணம் எழும்பியது. உங்கள் நினைவு வந்தது, ஆத்திரமும் கூடவே வந்தது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர்கள்.

எண்பதுகளில் லண்டன் எட்மண்டனில், கவுன்சில் மாடிக் குடியிருப்பில் எனக்கு எதிர்க்கதவு நீங்கள். யப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்து வந்தவர். மாவும் சீனியும் முட்டையும் குழைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிதுக்கி எண்ணெயில் விடுவீர்கள். சாட்டா அண்டாகி என்று பெயர். நான் அடுப்பின் சூட்டைக் கூட்டினால் கையில் தட்டுவீர்கள். "மெல்லிய சூட்டில்தான் வாய் திறக்கும்." உருண்டை தானாகப் புரண்டு பிளக்கும், சிரிக்கிறது என்பீர்கள். உங்கள் ஊர்க் கலியாணத்தில் அந்தப் பிளந்த வாய்தான் நல்ல சகுனமாம்.

என் கலியாணத்துக்கு முதல் நாள் ஒரு தட்டு நிறையச் சுட்டு வந்தீர்கள். பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, எல்லாம் வெடிச்சுக் கிடக்கு! வெடிச்ச பலகாரம் மணவறைப் பக்கம் போகக்கூடாது, பிள்ளை."

"அவையின்ர ஊரில அதுதான் பெரியம்மா சகுனம்!" என்று கத்தினேன்.

"யப்பான்காரியின்ர சகுனம் எங்களுக்கு எதுக்கு?"

உங்கள் கண்முன்னாலேயே குப்பைப் பைக்குள் கொட்டினார். நீங்கள் வெறுந்தட்டைத் துடைத்து எடுத்துப் போனீர்கள். மறுநாள் நல்ல உடுப்பு உடுத்து வந்து பின்வரிசையில் இருந்தீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே! அந்தப் பொறுமையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கட்டியவர் என்னை விட்டுப் போனபோது பெரியம்மா சொன்னது ஒன்றுதான்: "பலகாரம் அண்டைக்கே வெடிச்சது." நீங்களோ சூடான அண்டாகியோடு கதவைத் தட்டினீர்கள். சகுனம் பற்றி ஒன்றும் பேசவில்லை. போன மாரிகாலத்தில் நீங்களும் கண்மூடிவிட்டீர்கள்.

இன்று உங்கள் மாவை நான் குழைத்தேன். குப்பைப் பையை முதலே இறுகக் கட்டி வெளியே வைத்துவிட்டேன். அடுப்பைக் குறைத்து, உங்களைப் போலவே பிதுக்கி விட்டேன். எல்லாம் பிளந்தன.

"உது என்ன, வெடிச்சுப்போச்சோ?" என்றார் பெரியம்மா, கதிரையில் இருந்தபடி.

"இல்லை. சிரிக்குது."

தட்டை மணமகளின் மடியில் வைத்தேன். அவள் ஒன்றைக் கடித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. நீங்கள் படாமல் விட்ட கோபத்தை நான்தான் இன்னும் சுமக்கிறேன்.